கப்பலில் பந்தித் துணை

கேள்வி: முதன்முறையாகத் தனியாக உல்லாசக் கப்பலில் போகிறேன். சாப்பாட்டு மேசையில் யாரோடு உட்காருவது என்று தயக்கமாக இருக்கிறது.
– வாசகி, திருச்சி

பதில்: தயக்கமே வேண்டாம், சகோதரி. பல கப்பல்களின் பிரதான உணவுக்கூடத்தில் இரவுச் சாப்பாட்டுக்கு இரண்டு முறைகள் உண்டு. ஒன்று, தினமும் அதே நேரம், அதே மேசை, அதே பரிமாறுபவர். மற்றது, நினைத்த நேரத்தில் போய்க் கிடைத்த மேசையில் அமர்வது. நீங்கள் முதலாவதைக் கேளுங்கள். பதிவு செய்யும்போதே, 'எட்டுப் பேர் மேசை, சைவம்' என்று சொல்லிவிடுங்கள். முதல் இரவு ஊர், பேர் விசாரிப்பதிலேயே போய்விடும். மூன்றாம் இரவு நீங்கள் தாமதமானால், 'இன்னும் காணோமே' என்று நான்கு பேர் வாசலைப் பார்ப்பார்கள். மேசை ஒத்துவராவிட்டால் உணவுக்கூட மேலாளரிடம் சொல்லுங்கள். இடம் இருந்தால் மாற்றித் தருவார். முதல் இரவே போய் உட்காருங்கள்; அறைக்குச் சாப்பாடு வரவழைக்காதீர்கள்.