பணியிடக் குழுவில் சுகவீன விடுமுறையை அறிவித்தல்

முதியோர் பராமரிப்பு இல்லங்களிலும் களஞ்சியங்களிலும் பணிபுரியும் நம்மவர் பலர் மேற்பார்வையாளருடன் வட்ஸ்அப், டீம்ஸ் போன்ற செயலிகளின் ஊடாகவே தொடர்பு கொள்கின்றனர். அவற்றில் அவசரமாக எழுதப்படும் இரண்டு வரிகளே பின்னர் பிணக்கு எழும்போது சான்றாக முன்வைக்கப்படலாம்.

அண்மையில் ஒரு பெண்மணி எச்சரிக்கைக் கடிதமொன்றை மொழிபெயர்ப்பதற்காகக் கொண்டுவந்தார். அறிவிக்காமல் பணிக்கு வராதிருந்தார் என்பது குற்றச்சாட்டு. உண்மையில் அவர் அறிவித்திருந்தார். "இன்று சுகமில்லை, வர இயலாது" என இரவு 11.50 மணிக்குக் குழுவில் எழுதியிருந்தார். அவர் கருதியது விடிந்ததும் தொடங்கவிருந்த பணிமுறையை. மேற்பார்வையாளரோ அச்செய்தி முடிந்துபோன நாளைப் பற்றியது என எண்ணிவிட்டார். போதாக்குறைக்கு, அதன் கீழே யாரோ ஒருவருக்கான பிறந்தநாள் வாழ்த்துகள் குவிந்திருந்தன.

அவுஸ்திரேலியாவின் 2009ஆம் ஆண்டு ஃபெயார் வேர்க் சட்டத்தின் 107ஆம் பிரிவு, இத்தகைய விடுமுறை எடுப்பவர் இயன்றளவு விரைவில் தொழில்தருநருக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது. விடுமுறை தொடங்கிய பின்னர் அறிவிப்பதும் சில வேளைகளில் ஏற்புடையதே. எவ்வளவு காலம் வர இயலாது, அல்லது எவ்வளவு காலம் என எதிர்பார்க்கப்படுகிறது என்பதையும் கூற வேண்டும். பலர் மறப்பது இந்த இரண்டாவது கடமையையே. தொழில்தருநர் கேட்டால், நியாயமான ஒருவர் ஏற்கத்தக்க சான்றையும் வழங்க வேண்டும்.

ஆகவே, செய்தி இவ்வாறு அமையலாம்:

*சுகவீன விடுமுறை: செவ்வாய், 12 மே*
காலை 7.00 முதல் பிற்பகல் 3.00 வரையான பணிமுறைக்கு வர இயலாது.
ஒரு நாள் மட்டும் என எதிர்பார்க்கிறேன்.
மருத்துவச் சான்றிதழைப் புதன், 13 மே அன்று அனுப்புவேன்.
இச்செய்தி கிடைத்ததை உறுதிப்படுத்தவும்.

முதல் வரியின் இரு முனைகளிலும் இடைவெளியின்றி * குறியை இட்டால், வட்ஸ்அப் அதனைத் தடித்த எழுத்தில் காட்டும். கணினியில் டீம்ஸ் பயன்படுத்துவோர் என்டர் விசையை மட்டும் அழுத்தினால் செய்தி பாதியிலேயே சென்றுவிடும். அடுத்த வரிக்குச் செல்ல ஷிஃப்ட் விசையையும் சேர்த்து அழுத்துக. மாதத்தின் பெயரை எழுத்தில் எழுதுவது நலம். 3/4 என்பது இந்நாட்டில் ஏப்ரல் 3. அமெரிக்க முறையிலோ மார்ச் 4. "இன்று", "நாளை" ஆகிய சொற்கள் நள்ளிரவுக்கு அண்மையில் என்ன செய்யும் என்பதை மேலே கண்டோம். வட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியைத் திருத்த 15 நிமிடங்களே உண்டு.

நோயின் பெயரைக் குழுவில் எழுத வேண்டியதில்லை. மேற்பார்வையாளருக்குத் தனியாக அனுப்புவதே முறை. சில பணியிடங்கள் தொலைபேசி அழைப்பையே அறிவித்தலாக ஏற்கும் என்பதால் உங்கள் பணியிட விதியை முன்கூட்டியே கேட்டறிக. சக ஊழியர் ஒருவர் இடும் கட்டைவிரல் குறி மேற்பார்வையாளரின் பதிலாகாது. "வணக்கம்" என்று மட்டும் எழுதி மறுமொழிக்காகக் காத்திருக்கும் பழக்கத்தையும் (நம்மிடையே இது மிகுதி) கைவிடலாம். மரியாதை குறையாது, வணக்கத்தையும் விடயத்தையும் ஒரே செய்தியில் எழுதுக.

எச்சரிக்கைக் கடிதம் கிடைத்திருப்பின், குழுவிலுள்ள செய்தியை நேரம் தெரியும்படி படம்பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். ஃபெயார் வேர்க் ஒம்புட்ஸ்மன் அலுவலகத்தின் இலக்கம் 13 13 94. தமிழில் பேச விரும்புவோர் முதலில் 131 450 என்ற மொழிபெயர்ப்புச் சேவையை அழைத்து, அவ்விலக்கத்துடன் இணைக்குமாறு கேட்கலாம்.