எண்ணிக்கையும் எடையும்: ஆய்வுலகில் மேற்கோளின் மதிப்பு

முன்னுரை

முன்னோர் மொழிந்ததைச் சுட்டித் தம் கருத்தை நிறுவுதல் தமிழ் உரையாசிரியர்களின் தொன்றுதொட்ட மரபாகும். தகடூர் யாத்திரை, வளையாபதி முதலிய நூல்கள் முழுமையாக நமக்குக் கிட்டவில்லை. அவற்றின் பாடல்கள் சிலவேனும் இன்று வாழ்வதற்கு உரைகளில் காட்டப்பெற்ற மேற்கோள்களும் புறத்திரட்டு என்னும் தொகை நூலுமே காரணம். ஆகவே மேற்கோளின் அருமை தமிழ் பயில்வோர்க்குப் புதியதன்று. ஆயின், மேற்கோள்களை எண்ணிக் கூட்டி, அவ்வெண்ணைக் கொண்டு அறிஞர் ஒருவரின் தகுதியை அளந்துரைக்கும் வழக்கம் 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அறிவியலுலகில் வேரூன்றியது. இன்று அது ஆசிரியர்தம் பணி உயர்வையும் ஆய்வு மாணவர்தம் எதிர்காலத்தையும் தொடும் அளவிற்கு வளர்ந்துள்ளது. அவ்வெண் எதனைக் கூறும், எதனைக் கூறாது என்பதை மருத்துவ உயிரியல் அறிஞர் சிலரின் ஆய்வு வரலாற்றை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மேற்கோள் அட்டவணையின் தோற்றம்

ஓர் ஆய்வுக் கட்டுரையின் இறுதியில் உள்ள துணைநூற் பட்டியல், அக்கட்டுரைக்கு முன் எழுந்தவற்றை நமக்குக் காட்டும். அக்கட்டுரைக்குப் பின் அதனைப் பயன்படுத்தியோர் யாவர் என்பதை அறிய வழியில்லாதிருந்தது. அமெரிக்க வழக்குரைஞர்களிடம் மட்டும் அத்தகைய ஏற்பாடு ஒன்று இருந்தது. ஒரு தீர்ப்பினைப் பின்வந்த எந்தெந்தத் தீர்ப்புகள் எடுத்துக்காட்டின எனக் கூறும் 'ஷெப்பர்ட்' அட்டவணை 1873 முதல் அவர்களுக்கு உதவி வந்தது. இம்முறையை அறிவியலுக்கும் கொணரலாம் என யூஜீன் கார்ஃபீல்டு என்பார் 1955-இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார். அவர் ஃபிலடெல்ஃபியா நகரில் நிறுவிய அமைப்பு 1964-இல் அறிவியல் மேற்கோள் அட்டவணையை வெளியிட்டது.

தேடுவோர்க்கு வழிகாட்டுவதே இதன் முதல் நோக்கம் என்பதை நாம் மறத்தலாகாது. இதனையொட்டி எழுந்ததே இதழ்களின் 'தாக்கக் காரணி' ஆகும். ஓர் இதழ் முந்தைய ஈராண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகள், குறித்த ஓராண்டில் சராசரியாக எத்தனை முறை மேற்கோளாகக் காட்டப்பெற்றன என்பதே அக்கணக்கு. இதழ்களைத் தெரிவு செய்யப் பயன்பட்ட இவ்வளவுகோல், நாளடைவில் அவ்விதழ்களில் எழுதிய மனிதர்களை அளக்கவும் கைக்கொள்ளப்பட்டது. சிக்கல் இங்கேதான் தொடங்குகின்றது.

லோரியின் ஆய்வுக் கட்டுரை

உலகிலேயே மிகுதியாக மேற்கோள் காட்டப்பெற்ற அறிவியற் கட்டுரை எதுவெனில், பலரும் ஐன்ஸ்டீனையோ டி.என்.ஏ.யின் அமைப்பைக் கண்டோரையோ நினைப்பர். உண்மை வேறு. அமெரிக்க உயிர்வேதியியல் அறிஞர் ஆலிவர் லோரி (1910–1996) தம் உடனாய்வாளர் மூவரோடு 1951-இல் வெளியிட்ட, கரைசலில் உள்ள புரதத்தின் அளவை அறியும் முறை பற்றிய கட்டுரையே அது. 2014-இல் 'நேச்சர்' இதழ் வெளியிட்ட கணக்கின்படி அது 3,00,000-க்கும் மேற்பட்ட முறை மேற்கோளாகியிருந்தது.

அம்முறை எளிமையானது. காரத் தன்மையுள்ள கரைசலில் செம்பு அயனிகள் புரதத்தோடு இணைகின்றன. பின்னர்ச் சேர்க்கப்படும் ஃபோலின் வினைப்பொருள் நீலநிறம் கொள்கின்றது. புரதம் மிகுந்தால் நீலமும் மிகும். அந்நிறத்தின் செறிவை ஒளியளவியால் கண்டு புரதத்தின் அளவைக் கணக்கிடலாம். நொதியை ஆராய்வோர், நோய்க்கிருமியை ஆராய்வோர், மூளையை ஆராய்வோர் என யாவராயினும் புரதத்தை அளக்க வேண்டியவரே. அளந்தோர் எல்லாம் லோரியைச் சுட்டினர். எண்ணிக்கை இலட்சங்களைக் கடந்ததன் காரணம் இதுவே.

லோரி தம் கட்டுரையைப் பெருஞ்சாதனையாகக் கருதியவர் அல்லர். ஒற்றை நரம்புச் செல்லுக்குள் நிகழும் வேதி மாற்றங்களையும் அளந்தறியத்தக்க நுண்முறைகளை வகுத்ததே அவருடைய வாழ்நாட் பணி. அப்பணிக்குக் கிடைத்த மேற்கோள்கள், இக்கட்டுரைக்குக் கிடைத்தவற்றின் அருகே நில்லா. இதனினும் வியப்பானது, வாட்சனும் கிரிக்கும் 1953-இல் டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருள் அமைப்பை அறிவித்த கட்டுரை, மேற்சொன்ன 2014-ஆம் ஆண்டுக் கணக்கின் முதல் நூறு கட்டுரைகளுள் இடம்பெறாமையாகும். அவ்வுண்மை பாடநூற் பொருளாகி, யாவர்க்கும் பொதுவாகிவிட்டது. ஆதலின் அதனைக் கூறுவோர் மூலத்தைச் சுட்டுவதில்லை. ஆகவே மிகுதியான மேற்கோள் ஒரு கட்டுரையின் பயன்பாட்டைக் காட்டும். அதன் ஆழத்தைக் காட்டும் என்பதற்கு உறுதியில்லை.

எச்-குறியீடு

தனிமனிதரின் ஆய்வுப் பணியை ஒரே எண்ணில் அடக்க எண்ணிய இயற்பியலறிஞர் ஜார்ஜ் ஹிர்ஷ் என்பார் 2005-இல் 'எச்-குறியீடு' என்பதனை வகுத்தார். ஒருவர் 40 கட்டுரைகள் எழுதியுள்ளார் எனக் கொள்வோம். அவற்றுள் 12 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 12 முறை மேற்கோளாகி, 13 கட்டுரைகள் அவ்வாறு 13-ஐ எட்டாவிடின் அவருடைய குறியீடு 12 ஆகும். பயனற்ற கட்டுரைகளைப் பெருக்குவதனால் மட்டும் இவ்வெண் உயராது என்பது இதன் சிறப்பு.

குறைகளும் உள. வாழ்நாளில் மூன்றே கட்டுரைகள் எழுதி, ஒவ்வொன்றும் பத்தாயிரம் முறை சுட்டப்பெற்றாலும் அவ்வறிஞரின் குறியீடு மூன்றைத் தாண்டாது. இவ்வெண் காலப்போக்கில் கூடுமேயன்றிக் குறையாது. ஆதலின் மூத்தோரோடு இளையோரை ஒப்பிடல் பொருந்தாது. மருத்துவ உயிரியலில் எழுதுவோர் தொகை மிகுதி, கணிதத்தில் குறைவு. ஆகவே துறைவிட்டுத் துறை ஒப்பிடலும் பிழையாகும்.

எண் காணாத ஏற்றம்

ஹங்கேரி நாட்டிற் பிறந்த கேட்டலின் கரிக்கோ என்னும் பெண்மணி 1985-இல் அமெரிக்கா சென்று, தூது ஆர்.என்.ஏ.யை மருந்தாக்கும் முயற்சியில் ஈடுபட்டார். அவர்தம் நிதி வேண்டுகோள்கள் தொடர்ந்து மறுக்கப்பட்டன. 1995-இல் அவர் பணிபுரிந்த பென்சில்வேனியா பல்கலைக்கழகம் அவரைப் பதவி இறக்கம் செய்தது. எனினும் அவர் ஆய்வைக் கைவிடவில்லை. ட்ரூ வைஸ்மன் என்னும் அறிஞருடன் இணைந்து, ஆர்.என்.ஏ.யின் கூறாகிய யூரிடினைச் சற்றே மாறுபட்ட சூடோயூரிடினாக மாற்றினால் உடலின் அழற்சி எதிர்வினை அடங்குவதைக் கண்டு, 2005-இல் 'இம்யூனிட்டி' இதழில் வெளியிட்டார். ஆய்வுலகம் அன்று அதனைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. 2020-இல் கோவிட் பெருந்தொற்றுக்கு எதிராக வந்த தூது ஆர்.என்.ஏ. தடுப்பூசிகளுக்கு அக்கண்டுபிடிப்பு வழியமைத்தது. 2023-இல் இருவரும் நோபல் பரிசு பெற்றனர். மேற்கோள்கள் அதன்பின் குவிந்தன. 1995-இல் அவரை அளந்தோர் கையில் இருந்த அளவுகோல், 2005-இல் வரவிருந்ததைக் காணவில்லை.

காலத்தாற் பிந்தும் அங்கீகாரத்திற்கு இதனினும் நெடிய சான்று உண்டு. திமிஷ்கில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த மருத்துவ மேதை இப்னு நஃபீஸ் (1213–1288), இப்னு சீனாவின் மருத்துவ நூலின் உடற்கூற்றுப் பகுதிக்கு 1242-இல் உரை வரைந்தார். இதயத்தின் வலப்புற அறையிலிருந்து குருதி நுரையீரல் வழியாகவே இடப்புறம் சேர்கின்றது என்றும், இடைச்சுவரில் கண்ணுக்குப் புலனாகாத் துளைகள் உள என்ற கேலனின் கொள்கை தவறென்றும் அதில் நிறுவினார். 1924-இல் தத்தாவி என்னும் எகிப்திய மருத்துவர் பெர்லின் நூலகத்தில் கையெழுத்துப் படி ஒன்றினை ஆய்ந்து எடுத்துரைத்த பின்னரே நவீன உலகம் அதனை உணர்ந்தது. மேற்கோளின்மை அவர் கண்ட உண்மையைப் பொய்யாக்கவில்லை.

எண் மிகுந்த இழிவு

மேற்கோள் அனைத்தும் பாராட்டுமல்ல. 1998-இல் 'லான்செட்' இதழில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு முதலானோர், 12 குழந்தைகளை மட்டும் கொண்டு எழுதிய கட்டுரை, தட்டம்மை முதலியவற்றுக்கான தடுப்பூசியையும் மதியிறுக்கத்தையும் தொடர்புபடுத்தியது. 2010-இல் அவ்விதழ் அதனைத் திரும்பப் பெற்றது. அக்கட்டுரை பெற்ற மேற்கோள்களுட் பல அதனை மறுக்க எழுந்தவை. எண்ணும் பொறிக்கு ஏற்போரும் மறுப்போரும் ஒன்றே. படித்துப் பார்க்கும் மனிதரே வேறுபாட்டை அறிவர்.

நாம் கொள்ளத்தக்கது

இக்குறைகளை உணர்ந்த அறிவியலார் 2012-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் கூடி, இதழின் தாக்கக் காரணியைக் கொண்டு தனிமனிதரின் தகுதியை மதிப்பிடலாகாது என்னும் அறிக்கையை உருவாக்கி, 2013-இல் வெளியிட்டனர். இது நமக்கும் பொருந்தும். உலகளாவிய மேற்கோள் அட்டவணைகள் பெரும்பாலும் ஆங்கில இதழ்களையே கணக்கிற் கொள்கின்றன. ஆதலின், தமிழில் எழுதப்பெறும் ஆய்வுகளுட் பெரும்பாலானவை அக்கணக்கின் எல்லைக்குள் வருவதில்லை. ஒரு சுவடியை ஒப்புநோக்கிப் பத்தாண்டு உழைத்துப் பதிப்பிக்கும் ஆசிரியரின் பெயருக்கு நேரே சுழியம் நிற்கலாம். அச்சுழியம் அட்டவணையின் எல்லையைக் காட்டுவதன்றி, அவ்வுழைப்பின் மதிப்பைக் காட்டுவதன்று.

இதனால் எண்களை அறவே புறக்கணித்தல் வேண்டும் என்பது நம் கருத்தன்று. பிறருக்குப் பயன்படும் ஆய்வு எது எனக் கண்டறிய அவை உதவும். வேண்டியவர்க்குச் சலுகை காட்டும் தேர்வுக் குழுவினருக்கு ஓரளவு கடிவாளமாகவும் அமையும். எண் ஒரு சான்றாகலாம், தீர்ப்பாகலாகாது.

முடிவுரை

ஆய்வில் அடியெடுத்து வைக்கும் மாணவச் செல்வங்கள், பணம் செலுத்தினால் உடனே வெளியிடும் இதழ்களை நாடி எண்ணிக்கையைக் கூட்ட முற்படுதல் வேண்டா. தாம் உண்மையாகவே படித்த நூலையே மேற்கோளாகக் காட்டுக. பிறர் உழைப்பைப் பெயர் சுட்டி ஒப்புக்கொள்க. அவர்களை மதிப்பிடும் பொறுப்பிலுள்ள ஆசிரியப் பெருமக்களும் கல்விக் குழுவினரும் பட்டியலைக் கூட்டிப் பார்ப்பதோடு நில்லாமல், ஒரு கட்டுரையையேனும் முழுமையாகப் படித்தல் கடமையாகும். 1995-இல் கரிக்கோவுக்குத் தேவைப்பட்டதும் அத்தகைய வாசகர்களே. நம் கல்லூரிகளிலும் அத்தகைய மாணவர் இருக்கக்கூடும். அவர்களை இனங்காணும் பொறுப்பு நம்முடையதே எனக் கூறி இக்கட்டுரையை நிறைவு செய்கின்றோம்.