பெயரும் ஒரு சொத்துதான்: டிரேட் மார்க் வழக்கறிஞரின் பணியும் நம் குடும்பங்களும்



நபி (ஸல்) அவர்கள் அயல்நாட்டு மன்னர்களுக்குக் கடிதம் எழுத நாடினார்கள். முத்திரை இல்லாத கடிதத்தை அவர்கள் படிப்பதில்லை என்று தோழர்கள் எடுத்துச் சொன்னார்கள். உடனே நபியவர்கள் வெள்ளியில் ஒரு மோதிரம் செய்து, அதில் தம் பெயரைப் பொறிக்கச் செய்தார்கள். அதே வாசகத்தை வேறு யாரும் தம் மோதிரத்தில் பொறிக்க வேண்டாம் என்றும் தடுத்தார்கள். அனஸ் (ரலி) அறிவிக்கும் இச்செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றுள்ளது. ஒரே முத்திரை இரண்டு கைகளில் இருந்தால் எந்தக் கடிதம் யாருடையது என்று எப்படித் தெரியும்? இந்த மாதப் பாடம் இந்தக் கேள்வியிலிருந்து தொடங்குகிறது.

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று நம்மைச் சுற்றியுள்ள ஊர்களில் தோலும் ஷூவும்தான் சோறு போடுகின்றன. அப்பர் தைக்கிறோம், சோல் ஒட்டுகிறோம், பெட்டியில் அடுக்கி அனுப்புகிறோம். பெட்டியின் மேல் இருக்கும் பெயர் பெரும்பாலும் வெளிநாட்டுக்காரருடையது. அந்தப் பெயருக்கு வாங்குபவர் கொடுக்கும் விலையில் நம் தையல் கூலி ஒரு சிறு பகுதி. இதையும் மீறிச் சிலர் சொந்தப் பெயரில் செருப்பு, பெல்ட், பர்ஸ் செய்து விற்கிறார்கள். அந்தப் பெயரைக் காப்பது பற்றி நாம் பேசுவதே இல்லை.

ஒரு குடும்பத்தின் அனுபவம்

நம் சத்துவாச்சாரியைச் சேர்ந்த ஒரு குடும்பம் சென்ற ஆண்டு நம்மிடம் ஆலோசனைக்கு வந்தது. பெயர் சொல்லாமல், அவர்கள் அனுமதியோடு எழுதுகிறோம். குடும்பப் பெரியவர் இருபது ஆண்டுகளுக்கு முன் வீட்டு முன்னறையில் இரண்டு மெஷின் போட்டு ஆண்கள் செருப்பு தைக்கத் தொடங்கியவர். இன்சோலில் தாமே யோசித்து வைத்த ஒரு பெயரை அச்சிட்டார். சரக்கு நன்றாக இருந்ததால் பெயர் பரவியது. பெங்களூரு வரை கடைகள் கேட்டு வாங்கின. பெரியவர் மவுத்தான பிறகு இரண்டு மகன்கள் தொழிலை நடத்தினார்கள்.

ஒருநாள் பழைய கடைக்காரர் ஒருவர் ஆர்டரை நிறுத்தினார். "இந்தப் பேரு வேற ஒருத்தர் பேர்ல பதிவாகப் போகுதாமே பாய், எனக்கு எதுக்கு வம்பு?" என்றார். விசாரித்தபோது, அவர்களிடமே சரக்கு எடுத்து விற்றுக்கொண்டிருந்த ஒரு மொத்த வியாபாரி அந்தப் பெயருக்குத் தன் பெயரில் விண்ணப்பம் போட்டிருந்தது தெரிந்தது. மகன்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

டிரேட் மார்க் வழக்குகள் நடத்தும் ஒரு பெண் வழக்கறிஞரிடம் அவர்களை அனுப்பினோம். அவர் முதலில் பார்த்தது தேதியைத்தான். விண்ணப்பம் டிரேட் மார்க் ஜர்னலில் வெளியாகிவிட்டது. வெளியான நாளிலிருந்து 4 மாதத்துக்குள் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும். மிச்சம் இருந்தது 19 நாள். ஒரு நாள் தாண்டினாலும் அந்த வாசல் மூடிவிடும். அதன்பின் பதிவை ரத்து செய்யக் கேட்டு நீண்ட வழியில் போக வேண்டியிருக்கும்.

அடுத்து அவர் கேட்டது: "உங்க அத்தா இந்தப் பேர்ல முதல் செருப்பு வித்ததுக்கு என்ன அத்தாட்சி இருக்கு?" மகன்களிடம் எதுவும் இல்லை. அவர்களுடைய அம்மாதான் வீட்டு டிரங்குப் பெட்டியைத் திறந்தார். பழைய பில் புத்தகங்கள், லேபிள் அச்சிட்ட பிரஸ்ஸின் ரசீது, ஒரு ரமலான் மாதத்தில் கடைகளுக்குக் கொடுத்த காலண்டர் எல்லாம் வந்தன. செருப்பு போலவே அவற்றையும் துடைத்து அடுக்கி வைத்திருந்தார் பெரியவர். அந்தக் காகிதங்களோடு ஆட்சேபம் உரிய நாளுக்குள் தாக்கலானது. விஷயம் இப்போது சாட்சியக் கட்டத்தில் இருக்கிறது. முடிவு அல்லாஹ்விடம்.

யார் பெயரில் விண்ணப்பிப்பது?

இதற்கிடையே குடும்பத்துக்குள் ஒரு கேள்வி எழுந்தது. நாமும் உடனே விண்ணப்பம் போடுவோம், மூத்தவர் பெயரில் போட்டால் போதும் என்றார்கள் மகன்கள். வழக்கறிஞர் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார்: "இந்தப் பேரைச் சம்பாதிச்சது உங்க அத்தா. அவர் விட்டுப்போனதுல உங்க அம்மாவுக்கும் தங்கச்சிக்கும் பங்கு இல்லையா?"

வீடும் மெஷினும் மட்டுமே சொத்து என்று நினைத்திருந்தார்கள் அவர்கள். வாடிக்கையாளர் நம்பிக்கையைச் சுமக்கும் பெயரும் சொத்து. அதை விற்கலாம், வாடகைக்கு விடுவதுபோல் உரிமம் கொடுக்கலாம், வாரிசுகளுக்கு அது இறங்கும். பெரியவரின் பெற்றோர் முன்பே காலமாகிவிட்டதால் நம் வாரிசுரிமைக் கணக்கு எளிதாக இருந்தது. மனைவிக்கு எட்டில் ஒன்று. மீதி மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று என்ற விகிதத்தில். நூறு பங்காகப் பிரித்தால் அம்மாவுக்கு 12.5, மகன்களுக்கு ஆளுக்கு 35, மகளுக்கு 17.5. அதே விகிதத்தில் கூட்டாண்மைப் பத்திரம் எழுதி, நிறுவனத்தின் பெயரில் விண்ணப்பித்தார்கள். கட்டிக்கொடுத்த தங்கைக்கு இதில் பங்கு உண்டு என்று அதுவரை யாரும் அவரிடம் சொன்னதில்லை.

இந்த வழக்கறிஞரின் ஒரு நாள்

டிரேட் மார்க் வழக்கறிஞர் என்றால் கோர்ட்டில் வாதாடுபவர் என்றே நினைக்கிறோம். அவர் வேலையில் பெரும்பகுதி மேசையில்தான் நடக்கிறது.

திங்கட்கிழமைதோறும் ஜர்னல் வெளியாகும். தம் வாடிக்கையாளர்களின் பெயரைப் போன்ற பெயர் அதில் வந்திருக்கிறதா என்று பார்ப்பார். புதிதாகப் பெயர் வைக்க வருபவருக்குத் தேடுதல் செய்து கொடுப்பார். எழுத்து ஒத்துப்போகிறதா என்பதோடு, வாயால் சொன்னால் ஒரே மாதிரி ஒலிக்கிறதா, படம் ஒத்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சரக்குகளும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. பை, பர்ஸ் போன்ற தோல் பொருட்கள் 18ஆம் வகுப்பு. உடையும் காலணியும் 25. கடை நடத்துவது 35. வகுப்பைத் தவறாகப் போட்டால் கட்டிய பணத்துக்குச் சரியான பாதுகாப்பு கிடைக்காது.

பதிவகம் ஆட்சேபக் குறிப்பு அனுப்பினால் ஒரு மாதத்துக்குள் பதில் எழுத வேண்டும். எதிர்ப்பு வந்தால் 2 மாதத்துக்குள் எதிருரை. பிறகு பிரமாண வாக்குமூலம், விசாரணை. நம் பகுதிக்கான பதிவகம் சென்னை கிண்டியில் உள்ளது. விண்ணப்பத்தை ஆன்லைனிலேயே போடலாம். ஃபேஷன் நிறுவனங்களுக்கு வேலை செய்பவர் இவற்றோடு உரிம ஒப்பந்தம், ஜாப் ஒர்க் ஒப்பந்தம் எழுதுவார். போலிச் சரக்கு வந்தால் கோர்ட் உத்தரவு வாங்கி, ஆணையரோடு குடோனுக்கும் போவார்.

வழக்குகள் சொல்லும் பாடம்

முதல் பாடம், முதலில் பயன்படுத்தியவரின் உரிமை. திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா நாம் அறிந்த பெயர். அந்தப் பெயரைப் பற்றிய வழக்கில் இரு தரப்பும் தத்தம் பெயரைப் பதிவு செய்திருந்தார்கள். 2015இல் உச்ச நீதிமன்றம், முன்பிருந்தே பயன்படுத்தி வந்தவரின் உரிமை பதிவை விட மேலானது என்று தீர்ப்பளித்தது. மேலே சொன்ன குடும்பத்தின் நம்பிக்கையும் இதில்தான் இருக்கிறது. ஆனால் முன்பிருந்தே பயன்படுத்தியதைக் காகிதத்தால் காட்ட வேண்டும்.

இரண்டாவது, தூங்கியவரின் நஷ்டம். அமிர்ததாரா என்ற மருந்துக்காரர் லக்ஷ்மண்தாரா என்ற பெயரை எதிர்த்தார். சாதாரண மனிதர் இரண்டு பெயரையும் அருகருகே வைத்துப் பார்ப்பதில்லை, அரைகுறை நினைவோடுதான் கடைக்கு வருகிறார் என்று 1962இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பெயர்கள் குழப்பும் என்றே முடிவு செய்தது. ஆனாலும் லக்ஷ்மண்தாரா பல ஆண்டுகள் நேர்மையாகப் பயன்பட்டதையும், அதை எதிர்க்காமல் விட்டதையும் கருதி, உத்தரப் பிரதேசத்துக்குள் மட்டும் அதன் பதிவை அனுமதித்தது.

மூன்றாவது, எழுத்து மட்டுமே குறி என்பதில்லை. லூபூட்டான் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் பெண்கள் ஷூவுக்கு அடிப்பாகம் சிவப்பு. அந்தச் சிவப்பு சோல் பிரபலமான வணிகக் குறி என்று 2017இல் டெல்லி உயர் நீதிமன்றம் அறிவித்தது. நம் ஊரில் சோல் ஒட்டும் சகோதரர் அது வெறும் நிறம் என்று நினைத்தால் சிக்கலில் மாட்டுவார்.

நான்காவது, ஓர் ஊரின் கைத்திறனுக்கும் பெயர் உண்டு. அதற்குப் புவிசார் குறியீடு என்று தனிச் சட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டின் ஈ.ஐ. லெதர் அந்தப் பட்டியலில் உள்ளது. கோலாப்பூர் செருப்பும் உள்ளது. 2025 ஜூனில் இத்தாலியின் பிராடா நிறுவனம் மிலான் மேடையில் அதைப் போன்ற செருப்பைக் காட்டியபோது கோலாப்பூர் பெயர் சொல்லப்படவில்லை. எதிர்ப்பு கிளம்பிய பிறகே, அது இந்தியக் கைவினையிலிருந்து வந்தது என்று நிறுவனம் ஒப்புக்கொண்டது.

போலி லேபிள்: நம்மை நாமே கேட்க வேண்டியது

நம் பெயரைப் பிறர் எடுத்தால் வலிக்கிறது. பிறர் பெயரை நாம் ஒட்டும்போது? "ஆர்டர் கொடுத்தவர் லேபிள் கொடுத்தார், நான் ஒட்டினேன், எனக்குக் கூலிதான்" என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். சட்டம் இந்தப் பதிலை எளிதில் ஏற்காது. 1999ஆம் ஆண்டு டிரேட் மார்க் சட்டத்தின் 103ஆம் பிரிவின்படி, பிறர் குறியைப் போலியாக இடுவதற்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

மார்க்கமும் இதில் தெளிவாக இருக்கிறது. 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, வணிகப் பெயரும் வணிகக் குறியும் பொருள் மதிப்புள்ள உரிமைகள், அவற்றை மீறுவது கூடாது என்று முடிவு செய்தது. ஆகவே லேபிளோடு ஆர்டர் வந்தால், அந்த நிறுவனம் கொடுத்த அனுமதிக் கடிதத்தைக் கேளுங்கள். ஆர்டருக்கு மேல் தைத்த ஜோடிகளைச் சந்தையில் விடாதீர்கள். மிஞ்சிய லேபிளை எண்ணித் திருப்பிக் கொடுங்கள். அது அமானத்.

நாம் செய்யக்கூடியவை

பெயர் வைக்கும்போது தனித்த பெயராக வையுங்கள். "ஆம்பூர் லெதர்", "பெஸ்ட் ஷூஸ்" போன்றவை ஊரையும் சரக்கையும் மட்டுமே சொல்பவை. அவற்றுக்குப் பதிவு கிடைப்பது கடினம். பலரும் வைத்திருக்கும் பெயரை நாமும் வைத்தால் அதைக் காப்பது கடினம்.

லேபிள் அச்சிடும் முன் தேடிப் பாருங்கள். தனிநபரும் சிறு நிறுவனமும் ஆன்லைனில் விண்ணப்பிக்க அரசுக் கட்டணம் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். வழக்கறிஞர் கூலி தனி. பதிவு 10 ஆண்டு செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். பதிவு கிடைக்கும் வரை டிஎம் என்று போடலாம். வட்டத்துக்குள் ஆர் போடுவது சட்டப்படி தவறு.

பழைய பில்லையும் லேபிளையும் எறியாதீர்கள். முதல் விற்பனை பில், அச்சக ரசீது, விளம்பரம் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் வையுங்கள். பெயர் யாருக்குச் சொந்தம் என்பதை உயிரோடு இருக்கும்போதே எழுதி வையுங்கள்.

இன்னொன்று நம் பிள்ளைகளுக்கு. இது படித்து வரக்கூடிய தொழில். சட்டம் படித்துப் பார் கவுன்சிலில் பதிந்தவர் இந்த வேலையை நேரடியாகச் செய்யலாம். காட்பாடியில் அரசு சட்டக் கல்லூரியே இருக்கிறது. சட்டம் படிக்காத பட்டதாரியும் 21 வயது முடிந்திருந்தால், தேர்வு எழுதி டிரேட் மார்க் ஏஜென்ட் ஆகலாம். தோல், சோல், தையல் என்று கேட்டு வளர்ந்த பிள்ளை இந்த மேசையில் உட்கார்ந்தால், வாடிக்கையாளர் சொல்வது அவருக்குப் பாதிச் சொல்லிலேயே புரியும். பெண்பிள்ளைகளுக்கும் இது நல்ல வழி. நம் குடும்பத்துக்குக் கைகொடுத்தவரும் ஒரு பெண்தான்.

குடும்பத்தோடு பேசுவதற்கு

1. நம் கடையின் அல்லது சரக்கின் பெயர் இன்று யார் பெயரில் இருக்கிறது?
2. அந்தப் பெயரை முதலில் பயன்படுத்தியதற்கு நம்மிடம் எந்தக் காகிதம் இருக்கிறது?
3. வாரிசுகளில் யாருடைய பங்கையாவது கணக்கில் எடுக்காமல் விட்டிருக்கிறோமா?
4. நாம் ஒட்டும் லேபிள்கள் எல்லாம் அனுமதியோடு வந்தவையா?

டிரங்குப் பெட்டியைத் திறந்த அந்த அம்மா, காகிதங்களைக் கொடுத்துவிட்டு மகன்களிடம் சொன்னது: "உங்க அத்தா பேரைச் சுத்தமா வச்சிருந்தாரு. நீங்களும் அப்படியே வையுங்க." நமக்கும் அதுவே போதும். அல்லாஹ் நம் உழைப்பிலும் நம் பெயரிலும் பரக்கத் செய்வானாக. ஆமீன்.