பிள்ளையின் கண்ணில் வெள்ளை ஒளியா? சம்பள நாள் வரை காத்திருக்க வேண்டாம்



காலையில் பிரட்டுக்குப் போகும் அவசரத்தில் பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு ஓடுகிறோம். பிள்ளையின் முகத்தை ஆற அமரப் பார்க்கக் கிடைப்பது இராத்திரியில், லயத்து விளக்கு வெளிச்சத்தில்தான். இந்த மாதப் பாடம் அந்த நேரத்தில் கண்ணில் படக்கூடிய ஓர் அடையாளத்தைப் பற்றியது.

நாங்கள் செய்த பிழை

சில வருடங்களுக்கு முன் ஒரு தாய் எங்களிடம் வந்தார். "ஐயா, சின்னவனோட கண்ணு ராத்திரியில பூனைக் கண்ணு மாதிரி மின்னுது" என்றார். பிள்ளைக்கு ஒன்றரை வயது. பகலில் பார்த்தோம், ஒன்றும் தெரியவில்லை. "பயப்படாதீங்கம்மா, சம்பளம் போட்டதும் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க" என்று சொல்லி அனுப்பினோம். சம்பளம் வந்தது, கடைக் கடனுக்குப் போய்விட்டது. பிறகு திருவிழா வந்தது. கண் டாக்டர் பிள்ளையைப் பார்க்கும்போது மூன்று மாதம் கடந்துவிட்டது. உயிர் தப்பியது, ஒரு கண்ணை எடுக்க வேண்டியதாயிற்று. இன்று அந்தப் பையன் பள்ளிக்கூடம் போகிறான். அவனைக் காணும்போதெல்லாம் அன்று நாங்கள் சொன்ன வார்த்தைதான் நினைவுக்கு வருகிறது.

இது என்ன நோய்?

கண்ணின் உட்புறம், பின்பக்கத்தில் வெளிச்சத்தை உணரும் மெல்லிய திரை ஒன்று உண்டு. அதுதான் விழித்திரை. சின்னப் பிள்ளைகளுக்கு அதில் வரும் புற்றுநோயை ரெட்டினோபிளாஸ்டோமா என்கிறார்கள். பெரும்பாலும் 5 வயதுக்குள் வரும். இது தொற்றாது. கண்ணூறு பட்டோ, தாய் கிரகணம் பார்த்தோ வருவதல்ல. சில குடும்பங்களில் பரம்பரையாக வரும். ஆகவே ஒரு பிள்ளைக்கு இருந்தால் கூடப் பிறந்தவர்களின் கண்ணையும் காட்ட வேண்டும்.

அடையாளங்கள்

1. மங்கல் வெளிச்சத்தில் கருவிழியின் நடுவில் வெள்ளையாக மின்னுதல்.
2. போனில் பிளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒரு கண் சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் தெரிதல்.
3. புதிதாக மாறுகண் விழுதல். "மாறுகண் அதிர்ஷ்டம்" என்று விட்டுவிட வேண்டாம்.
4. கண் சிவந்து, வீங்கி, மாறாமல் இருத்தல்.

வெள்ளை ஒளி தெரிந்தால் புற்றுநோய்தான் என்று முடிவு கட்டக் கூடாது. கண்புரையாகவும் இருக்கலாம். எதுவானாலும் கண் டாக்டர் உடனே பார்க்க வேண்டிய விஷயம்.

ஏன் கொழும்புக்கு அனுப்புகிறார்கள்?

ஏறக்குறைய 15,000 முதல் 20,000 பிறப்புக்கு ஒரு பிள்ளைக்கே இந்த நோய் வருகிறது. நம் நாடு முழுவதிலும் வருடத்துக்கு இருபது பிள்ளைகள் கூட இருக்காது என்று கணக்கிடலாம். இவ்வளவு அரிய நோய்க்கு ஒவ்வொரு ஊரிலும் நிபுணர் இருக்க முடியாது. பிள்ளையை மயக்கி வைத்துக் கண்ணைச் சோதிக்க வேண்டும். ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்த்தால் நோய் பரவிவிடக்கூடும். அதனால் அனுபவப்பட்ட கண் வேண்டும். லேசர், குளிரூட்டும் சிகிச்சை, புற்றுநோய் மருந்து எல்லாம் ஓரிடத்தில் சேர வேண்டும். ஆகவேதான் பொரளை சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை, மஹரகம அபேக்ஷா வைத்தியசாலை போன்ற இடங்களுக்கு அனுப்புகிறார்கள்.

தூரம் என்ன செய்கிறது?

2017ஆம் ஆண்டில் 153 நாடுகளில் இந்த நோயுடன் புதிதாக வந்த 4,351 பிள்ளைகளைப் பற்றிய ஆய்வு 2020இல் வெளிவந்தது. பணக்கார நாடுகளில் நோய் பிடிபடும்போது பிள்ளைக்குச் சுமார் 14 மாதம். மிக வறிய நாடுகளில் சுமார் 30 மாதம். உடம்பின் வேறு இடங்களுக்குப் பரவிய பிறகு வந்தவர்கள் பணக்கார நாடுகளில் 100க்கு ஒருவர் கூட இல்லை. வறிய நாடுகளில் 100க்கு 19 பேர். நேரத்தோடு வந்தால் 100க்கு 95க்கு மேற்பட்ட பிள்ளைகள் பிழைக்கிற நோய் இது.

இலங்கை அந்த மிக வறிய நாடுகளில் ஒன்றல்ல. அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். ஆனால் ஹட்டனிலிருந்து கொழும்பு நூறு கிலோமீற்றருக்கு மேல். பதுளையிலிருந்து இருநூறுக்கும் மேல். பஸ் காசு, சாப்பாடு, இழந்த பேர், வீட்டில் விட்ட மற்றப் பிள்ளைகள், தெரியாத சிங்களம். கொழும்புத் தாய்க்கு அரை நாள் வேலை, நமக்கு மூன்று நாள் போராட்டம். மருந்துக்குக் காசு கேட்காவிட்டாலும் வழி கேட்கிறது.

நாம் செய்யக்கூடியது

1. அடையாளம் கண்ட அன்றே அல்லது மறுநாள் தோட்ட ஆஸ்பத்திரியிலோ மருத்துவிச்சி அம்மாவிடமோ சொல்லுங்கள். கண் கிளினிக்குக்குத் துண்டு எழுதி வாங்குங்கள். போனில் படம் இருந்தால் காட்டுங்கள்.
2. கண்ணில் தாய்ப்பாலோ மூலிகைச் சாறோ ஊற்ற வேண்டாம்.
3. கிளினிக் புத்தகம், பிறப்புச் சான்றிதழ், துண்டு மூன்றையும் ஒரே உறையில் வையுங்கள்.
4. சிங்களம் தெரிந்த ஒருவரை முதல் பயணத்துக்குக் கூட்டிப் போங்கள்.
5. காசில்லை என்றால் எங்களிடம் வாருங்கள். லயத்து மரண உதவிச் சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை: இறந்த பின் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கைப் பிழைக்க வைக்கும் பயணத்துக்கும் ஒதுக்கலாமே.
6. அடுத்த திகதி எப்போது என்று கேட்டு எழுதி வாங்குங்கள். கண் நன்றாகத் தெரிகிறது என்று பாதியில் நிறுத்த வேண்டாம்.

கண்ணை எடுக்கச் சொன்னால்?

"பொம்பளப் புள்ளைய எப்படிக் கட்டிக் கொடுக்கிறது?" என்று சில தகப்பன்மார் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குத் திரும்பிவிடுவதுண்டு. நோய் கண்ணை விட்டு மூளைக்குப் போன பின் காப்பாற்றுவது மிகக் கடினம். ஒரு கண்ணை எடுத்தால் செயற்கைக் கண் பொருத்துவார்கள். மற்றக் கண்ணால் படிக்கலாம், வேலை செய்யலாம், வாழலாம்.

வீட்டில் பேசிப் பாருங்கள்

உங்கள் பிள்ளையின் கண்ணைக் கடைசியாக எப்போது நன்றாகப் பார்த்தீர்கள்? அக்கம்பக்கத்து லயத்தில் மாறுகண் விழுந்த சின்னப் பிள்ளை உண்டா? இருந்தால் இன்றைக்கே அந்தத் தாயிடம் இந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டுங்கள். நாங்கள் அன்று சொல்லத் தவறியதை நீங்கள் சொல்லுங்கள்.