படமும் கைவேலையும்: மழலையர்க்கு முதல் அறப்பாடம்

மழலையர்க்குரிய முதல் நூல் எழுத்து நூலன்று; பட நூலே. திருப்பருத்திக்குன்றம் திரைலோக்கியநாதர் ஆலயத்துச் சங்கீத மண்டப விதானத்தில் தீர்த்தங்கரர் வரலாறுகளை ஓவியமாகத் தீட்டுவித்த நம் முன்னோர், எழுத்தறியாதாரும் அண்ணாந்து நோக்கிக் கற்கும் பட நூலொன்றையே நமக்கு வழங்கியுள்ளனர்.

ஆயினும், மூன்று வயதுக் குழந்தையின் கையில் பென்சிலைத் திணித்து அகரம் எழுதச் சொல்வதே கல்வி எனப் பெற்றோர் பலர் கருதுகின்றனர். விரல்கள் வலுப்பெறாத பருவத்தில் இது வெறுப்பையே வளர்க்கும். படத்தைப் பார்த்தல், அதைப் பற்றிப் பேசுதல், அதனோடு இயைந்த சிறு செயலைக் கையாற் செய்தல் ஆகிய மூன்றும் இணையும்போது சொல் பொருளாகிறது, பொருள் பண்பாகிறது. இதற்கு நாளொன்றுக்குப் பத்துப் பதினைந்து நிமிடங்கள் போதும். நாம் வாழும் மண்டபம் கடற்கரையை ஒட்டி மூன்று பாடங்களைக் காண்போம்.

1. சங்கு

ஸ்ரீ நேமிநாதரின் இலாஞ்சனம் சங்கு. அதனைப் பெரிதாக வரைந்து குழந்தைக்குக் காட்டுக. எரிக் கார்ல் 1987இல் எழுதி வரைந்த, துறவி நண்டின் வீட்டைப் பற்றிய பட நூல் கிடைப்பின் அதனையும் காட்டலாம். வளர்ந்துவிட்ட நண்டு பழைய ஓட்டை விட்டுப் பெரிய ஓட்டிற்குக் குடிபெயர்வதே அதன் கதை. பின்னர்க் கடற்கரைக்கு அழைத்துச் சென்று, "இந்த வீட்டில் யாரேனும் இருக்கிறார்களா?" என வினவிப் பொறுமையாகப் பார்க்கச் செய்க. உள்ளே உயிர் இருப்பின் தொடாது விலகுக. வெற்று ஓடெனில் அதனை ஈரமணலில் பதித்து, அச்சினைக் கண்டு மகிழ்ந்தபின் இருந்த இடத்திலேயே வைத்துவிடுக. இன்று வெறுமையாய்க் கிடக்கும் ஓடு நாளை ஒரு துறவி நண்டிற்கு வீடாகலாமன்றோ?

தொல்காப்பிய மரபியல் நந்தினை ஈரறிவுயிராக வகுக்கிறது. நம் ஆகமமும் சங்கினைத் தொடுவுணர்வும் சுவையுணர்வும் உடைய ஈரறிவுயிர் என்றே கூறும். 21 தீவுகளை உள்ளடக்கி 1986இல் மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டதும் இத்தகைய கடல்வாழ் உயிர்களைக் காக்கும் பொருட்டே. ஏரிக்கரை ஊர்களில் வாழ்வோர் நத்தை ஓட்டைக்கொண்டு இப்பாடத்தை நடத்தலாம்.

2. பட்டியைத் திறத்தல்

திருமணத்திற்கென அடைத்து வைக்கப்பட்ட விலங்குகளின் ஓலம் கேட்டு, ஸ்ரீ நேமிநாதர் தேரைத் திருப்பித் துறவு பூண்ட வரலாற்றை நான்கு எளிய படங்களாக வரைக. அடுத்து, மணலிலோ களிமண்ணிலோ தென்னை ஈர்க்குகளை நட்டுப் பட்டி அமைத்து, அட்டையில் வெட்டிய மான், ஆடு, முயல் உருவங்களை உள்ளே நிறுத்துக. கதவைக் குழந்தையே திறந்து ஒவ்வொன்றையும் வெளியேற்றட்டும். எண்ணுதல், பெயர் கூறுதல், விரற்பயிற்சி யாவும் இதில் அடங்கும். அனைத்திற்கும் மேலாக, விடுவித்த கை எனும் பெருமிதம் குழந்தைக்கு வாய்க்கும்.

3. ஆமை

ஸ்ரீ முனிசுவிரதரின் இலாஞ்சனம் ஆமை. படத்தைக் காட்டியபின், போர்வையை ஓடாகக் கொண்டு குழந்தை கைகால்களையும் தலையையும் உள்ளிழுத்து, பத்து எண்ணும்வரை அசையாதிருக்கட்டும். கடலாமையால் தலையை இவ்வாறு உள்ளிழுக்க இயலாது. நில ஆமையால் இயலும் என்னும் வேறுபாட்டையும் கூறுக. புலனடக்கத்திற்கு ஆமையை உவமை கூறிய குறளைப் பின்னாளில் கற்கும்போது, இவ்விளையாட்டு அதன் உரையாக அமையும்.

ஓர் எச்சரிக்கை

பிசைந்த மாவால் விலங்குகள் செய்து, விளையாடியபின் நசுக்குவதோ வெட்டுவதோ மழலையர் கல்வியில் பரவலாக உள்ளது. மாக்கோழியைப் பலியிட்டதனாலேயே பிறவிதோறும் துன்புற்ற மன்னனின் வரலாற்றை யசோதர காவியம் நமக்கு உரைக்கிறது. குருதி சிந்தாவிடினும் வெட்டும் எண்ணமே வினையாம். ஆகவே மாவினால் பழமும் பூவும் விளக்கும் செய்யலாம். விலங்குருவம் செய்யின் களிமண்ணால் செய்து, உடைக்காது பேணுக. மூன்று வயதிற்குட்பட்டோர் சிறு கிளிஞ்சல்களை விழுங்கிவிடாதபடி அருகிருந்து காத்தலும் கடமையாகும்.

நூல்களுக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. நேஷனல் புக் டிரஸ்டின் நேரு பால புத்தகாலய வரிசை நூல்கள் எளிய விலையின. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையத்தளத்தில் தமிழ்ப் படக்கதைகளை விலையின்றிப் படிக்கலாம். அவையும் இல்லாவிடில் பழைய நாட்காட்டியின் பின்புறமும் ஒரு கரித்துண்டும் போதும்.

பணி நிமித்தம் ஜினாலயமில்லா ஊர்களில் நம் குடும்பங்கள் பல வாழ்கின்றன. அங்கெல்லாம் தாயின் மடியே பாடசாலை. கொல்லாமை எனும் சொல்லை உச்சரிக்க நா பழகுமுன்னரே, சங்கினை இருந்த இடத்தில் வைக்கக் கை பழகட்டும்.

ஜினதர்மம் வளர்க!