செல்ஃப் மோட்டாரைக் கழற்றும் முன்...

"வண்டி செல்ஃப் எடுக்கல" என்றால் நம் பக்கத்தில் முதலில் பேட்டரியை மாற்றுவார்கள். அதற்கும் சரியாகாவிட்டால் செல்ஃப் மோட்டாரைக் கழற்றுவார்கள். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற ஒயரை யாரும் பார்ப்பதில்லை. நானும் முதலில் கோட்டை விட்டவன்தான்.

என் மாமாவிடம் 2004 மாடல் ஃபோர்டு ஐகான் ஒன்று உண்டு. 1999-ல் நம் மறைமலை நகர் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த மாடல் அது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரில் தண்ணீரில் நின்ற வண்டி என்பதால் மாமாவுக்கு மலிவாகக் கிடைத்தது. போன மழைக்காலத்தில் காலை நேரத்தில் "கிர்... கிர்..." என்று இழுத்துவிட்டு நின்றுவிடும். மெக்கானிக் சொன்னபடி 4,500 ரூபாய்க்குப் புது பேட்டரி போட்டார். நாலு நாள் ஓடியது, மறுபடி அதே கதை. அடுத்து செல்ஃப் மோட்டார் போச்சு, 6,000 ஆகும் என்றார்கள். அது என் செமஸ்டர் பீஸுக்கென்று மாமா எடுத்து வைத்திருந்த பணம்.

"மாப்ள, நீ படிக்கிற படிப்புதானே இது? பாரேன்" என்றார். எங்கள் குடும்பத்தில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். கை நடுங்கியது என்று சொல்ல வெட்கமில்லை.

முதலில் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு சாவியைத் திருப்பச் சொன்னேன். லைட் அடியோடு மங்கினால் பேட்டரி அல்லது அதன் டெர்மினலைச் சந்தேகிக்கலாம். இன்ஜின் நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் பெட்ரோல், ஸ்பார்க் பக்கம் போக வேண்டும். இங்கே லைட் பெரிதாக மங்கவில்லை, ஆனால் சுற்றல் மட்டும் மந்தம். மெக்கானிக் மோட்டாரைக் குறை சொன்னதிலும் நியாயம் இருந்தது.

இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் ஸ்ட்ராப்பை மல்டிமீட்டரில் ஓம் வைத்துப் பார்த்தேன். கிட்டத்தட்ட பூஜ்யம். "எர்த் நல்லாத்தான் இருக்கு" என்று மாமாவிடம் சொல்லியும் விட்டேன். தப்பு அங்கேதான். ராத்திரி படுத்தபோதுதான் முதலாண்டில் மனப்பாடம் செய்த ஓம் விதி ஞாபகம் வந்தது. செல்ஃப் மோட்டார் 100 ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். வழியில் 0.03 ஓம் தடை இருந்தாலே 3 வோல்ட் காணாமல் போய்விடும். 0.03 ஓமை நம் மல்டிமீட்டர் எங்கே காட்டப்போகிறது? அதன் ஒயருக்கே அதைவிட அதிகத் தடை உண்டு. ஆகவே தடையை அளக்கக் கூடாது. மோட்டார் சுற்றும்போது வோல்ட்டை அளக்க வேண்டும்.

மறுநாள் நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, இன்ஜின் பிடித்துவிடாமல் இருக்க பெட்ரோல் பம்ப் ஃபியூஸைப் பிடுங்கினேன். மாமா சாவியைத் திருப்பினார். (ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் வேண்டாம், மோட்டார் சூடாகும்.) சும்மா இருக்கும்போது 12.5 வோல்ட் காட்டிய பேட்டரி, சுற்றும்போது 11.4. மோட்டாரின் முனையிலோ வெறும் 8.1. பாசிட்டிவ் கேபிளில் 0.3 குறைந்தது. பேட்டரி நெகட்டிவிலிருந்து பாடி வரை 0.1. பாடிக்கும் இன்ஜினுக்கும் நடுவே 2.9 வோல்ட்! கூட்டிப் பாருங்கள், கணக்கு நேராகும். நெகட்டிவ் வழி முழுவதிலும் அரை வோல்ட்டுக்கு மேல் போகவே கூடாது.

ஸ்ட்ராப்பைத் தொட்டேன், சுட்டது. ஹெட்லைட் ஏன் மங்கவில்லை என்பதும் அப்போதுதான் விளங்கியது. அதன் எர்த் பாடியோடு முடிகிறது, இந்த ஸ்ட்ராப் வழியே வருவதில்லை. சில வண்டிகளில் கரண்டுக்கு வேறு வழியில்லாமல் ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியே பாய்ந்து அதையே இறுக்கிவிடும் என்பார்கள்.

உறுதி செய்ய ஒரு பைசா செலவில்லை. ஜம்பர் கேபிள் ஒன்றைப் பேட்டரி நெகட்டிவிலிருந்து நேரே இன்ஜின் பிளாக்கில் கடித்துவிட்டோம். "சர்ர்" என்று சுற்றியது. ஸ்ட்ராப்பைக் கழற்றினால் லக் உள்ளே கம்பி பச்சை பூத்து, பாதி இழைகள் உதிர்ந்து கிடந்தன. இது கம்பெனி குற்றமல்ல, வெள்ளமும் வயதும் சேர்ந்து செய்த வேலை.

தாம்பரத்தில் புது ஸ்ட்ராப் 180 ரூபாய். பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிவிட்டு, போல்ட் உட்காரும் இடத்தைப் பளபளவென்று உப்புத்தாளால் தேய்த்து மாட்டினேன். மறுபடி அளந்தபோது ஒரு கணம் பயந்தேன். சுற்றும்போது பேட்டரி 10.4-க்கு இறங்கியது, முன்பைவிடக் குறைவு! பிறகு புரிந்தது. தடை போனதால் மோட்டார் இப்போதுதான் தனக்கு வேண்டிய கரண்டை முழுதாக இழுக்கிறது. 9.6-க்குக் கீழே போகாதவரை கவலையில்லை. ஸ்ட்ராப்பில் இழப்பு 0.1 வோல்ட்.

செமஸ்டர் பீஸ் கட்டியாயிற்று. பழைய பேட்டரியைத்தான் மாமா எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டார். அது நல்ல பேட்டரியாகவே இருந்திருக்கலாம், அளந்து பார்க்க இப்போது கையில் இல்லை.