விடை கைக்கு வந்தது, கணிதம் வந்ததா?



பல்கலைக்கழகத்திற்குத் தெரிவான பிள்ளைக்கு நல்லதொரு கைத்தொலைபேசி வாங்கிக் கொடுப்பது இன்று எமது குடும்பங்களில் வழமையாகிவிட்டது. சீட்டுக் காசிலோ, வெளிநாட்டிலுள்ள மாமா அனுப்பிய பணத்திலோ, சில வேளை அடகு வைத்த சங்கிலியிலோ அது வாங்கப்படுகிறது. விடுமுறைக்கு வீடு வந்த பிள்ளை கணக்குக் கொப்பியின் மேல் அதைப் பிடிக்க, அடுத்த கணமே விடை திரையில் தோன்றுவதைக் கண்டு நீங்கள் வியந்திருப்பீர்கள். "இது படிப்பா, பார்த்து எழுதுவதா?" என்று மனதுக்குள் ஐயுற்றும் இருப்பீர்கள். அந்த ஐயம் நியாயமானதே. அதைச் சற்று ஆழமாக நோக்குவோம்.

இத்தகைய கணிதச் செயலிகள் பலவுண்டு. அவற்றுட் பெயர்பெற்றது 'போட்டோமத்'. குரோசியா நாட்டுத் தலைநகர் சாகிரெப்பில் உருவாகி 2014ஆம் ஆண்டில் வெளிவந்த இது, பின்னர் கூகிள் நிறுவனத்தின் உடைமையாயிற்று. அச்சிட்ட கணக்கையும் கையால் எழுதிய கணக்கையும் கமரா வழியாக வாசித்து, விடையை மட்டுமன்றி அதற்குரிய படிகளையும் ஒவ்வொன்றாகக் காட்டும். எளிய பின்னங்கள் முதல் வகையீடு, தொகையீடு வரை செய்யும். 'ஜியோஜிப்ரா' வேறு வகையானது. ஒஸ்திரியாவின் சால்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்குஸ் ஹோகன்வார்ட்டர் என்பவர் 2001இல் தொடங்கியது அது. திரையில் ஒரு புள்ளியை நகர்த்தினால் வரைபு எவ்வாறு வளைகிறது, எங்கே அச்சை வெட்டுகிறது என்பதைக் கண்ணாற் காணலாம்.

மாணவர் இவற்றை ஏன் நாடுகிறார்கள்? சோம்பல் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது எளிது, நீதியாகாது. மனிதர் ஒரு புதிய கருவியை ஏற்பதற்கான காரணங்களை அமெரிக்க ஆய்வாளர் பிரெட் டேவிஸ் 1989இல் ஆராய்ந்து எழுதினார். 'இது எனக்குப் பயன்படும்' என்ற எண்ணம் ஒன்று. 'இதைக் கையாள்வது இலகு' என்ற எண்ணம் மற்றொன்று. இரண்டினுள்ளும் பயன் என்பதே வலிமை மிக்கதென அவர் கண்டார். இன்றும் மாணவரின் செயலிப் பாவனையை ஆராய்வோர் பலர் இந்த இரண்டு எண்ணங்களையே அளந்து பார்க்கிறார்கள்.

எமது பிள்ளைகளின் நிலையில் இன்னொரு காரணமும் உண்டு. தமிழில் உயர்தரம் கற்றுப் பேராதனைக்கோ மொறட்டுவைக்கோ, கிளிநொச்சியிலுள்ள யாழ். பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்திற்கோ செல்லும் மகனும் மகளும் அங்கே கணிதத்தை ஆங்கிலத்திற் கேட்கிறார்கள். தாயம் என்று கற்றது 'மற்றிக்ஸ்' ஆகிறது. விரிவுரை மண்டபத்தில் எழுந்து சந்தேகம் கேட்க நாவெழுவதில்லை. தொலைபேசியோ பத்து முறை கேட்டாலும் சலிப்பதில்லை. ஆங்கிலப் பிழைக்கு நகைப்பதுமில்லை. சமன்பாடு எல்லா மொழிக்கும் பொது. ஆகவே முதலாம் வருடப் பிள்ளை இரவில் இதைத் துணையாகக் கொள்வதைக் கண்டு வெகுளாதீர்கள்.

ஆயினும் 'பயன்' என்ற சொல்லை நிறுத்துப் பார்க்க வேண்டும். டேவிஸ் சிறப்பாக நோக்கியது அலுவலகங்களிற் கணினி பாவிப்போரை. அலுவலகத்தில் வேலை முடிந்தால் பயன் கிடைத்தாயிற்று. பிரெஞ்சுக் கத்தோலிக்க அறிஞர் பிளேஸ் பஸ்கால் 1642ஆம் ஆண்டளவில், தமது பத்தொன்பதாம் வயதில், ஒரு கணிப்புப் பொறியை அமைக்கத் தொடங்கினார். ரூவான் நகரில் வரிக் கணக்குப் பார்த்துக் களைத்த தந்தையின் சுமையைக் குறைப்பதே நோக்கம். தந்தைக்குக் கணக்குத் தெரியும். பொறி அவருடைய உழைப்பை மட்டுமே குறைத்தது. மாணவனின் நிலை அப்படியல்ல. அவன் ஒப்படையைச் செய்து முடிப்பது விரிவுரையாளருக்கு அந்த விடை தேவை என்பதற்காகவா? அவருக்கு விடை முன்னரே தெரியும். அங்கே உருவாக வேண்டிய பொருள் மாணவனுடைய சொந்த அறிவு.

புனித தோமஸ் அக்வினாஸ் 13ஆம் நூற்றாண்டிலேயே, உண்மையைப் பற்றிய தமது வினாக்களில் ஆசிரியர் பணியை ஆராய்கிறார். மருத்துவர் மருந்து கொடுத்து உதவுகிறார், ஆனால் உள்ளிருந்து குணமாக்குவது உடலின் இயல்பே. அவ்வாறே ஆசிரியர் துணைசெய்கிறார், அறிந்துகொள்வது மாணவனுள் இறைவன் ஏற்றிய பகுத்தறிவின் ஒளி. தெளிவான அடிப்படைகளிலிருந்து ஒரு முடிவு எவ்வாறு பிறக்கிறதெனக் காட்டாமல் முடிவை மட்டும் சொன்னால், கேட்பவனிடம் உண்டாவது அறிவன்று, வெறும் அபிப்பிராயமோ நம்பிக்கையோதான் என்றும் அவர் சொல்கிறார். ஆண்டவர் மீது விசுவாசம் கொள்வது புண்ணியம். கைத்தொலைபேசி மீது விசுவாசம் கொண்டு தொகையீடு எழுதுவதை என்னவென்பது!

ஓர் உதாரணம் பார்ப்போம். ஓர் எண்ணை அதே எண்ணாற் பெருக்கினால், அவ்வெண்ணின் நான்கு மடங்கு வருகிறது; அவ்வெண் யாது? நான்கு என்பீர்கள். சரிதான், ஆனால் பூச்சியமும் விடையாகும். இருபுறத்தையும் அந்தத் தெரியாத எண்ணால் வகுத்துவிடும் மாணவன் பூச்சியத்தைத் தொலைத்துவிடுகிறான். செயலி இரண்டு விடைகளையும் தரும்; பார்த்தெழுதியவனுக்கு முழுப் புள்ளியும் கிடைக்கும். "ஏனப்பா வகுக்கக் கூடாது?" என்று கேளுங்கள். பூச்சியத்தால் வகுக்க இயலாது, அந்த எண் பூச்சியமாகவும் இருக்கலாமல்லவா என்று சொல்லத் தெரிந்தவனே கணிதம் கற்றவன். இக்கேள்வியைக் கேட்கத் தாய்க்குக் கணிதப் பட்டம் வேண்டியதில்லை. விடுமுறை நாளொன்றில் பிள்ளையின் ஒப்படையை எடுத்து, ஏதாவது ஒரு வரியைச் சுட்டி, "இதிலிருந்து இது எப்படி வந்தது, எனக்குச் சொல்லு பிள்ளை" என்று கேட்டாற் போதும்.

2025ஆம் ஆண்டு தை 28இல், அதே புனித தோமஸின் நினைவு நாளில், வத்திக்கான் செயற்கை நுண்ணறிவு பற்றி 'அன்ரிக்குவா எற் நோவா' என்ற ஏட்டை வெளியிட்டது. கல்வியில் இத்தகைய கருவிகளின் நன்மைகளை அது மறுக்கவில்லை. பல நிரல்கள் மாணவர் தாமே விடையை அடையத் தூண்டாமல் விடையை மட்டும் நீட்டுகின்றன என்பதே அதன் கவலை.

மாணவ அன்பர்களே, உங்களுக்கும் ஒரு சொல். கணக்கை முதலிற் பேனையெடுத்து நீங்களே எழுதுங்கள். இடையில் தடைப்பட்டாலும் அரை மணி நேரம் அதனுடன் போராடுங்கள். அதன் பின் செயலியைத் திறந்து, அதன் படிகளையும் உங்கள் வரிகளையும் அருகருகே வைத்து ஒப்பிடுங்கள். எந்த வரியில் பிரிகிறதோ அங்கே கோடிட்டு, காரணத்தை ஓரத்தில் உங்கள் சொந்தச் சொற்களில் எழுதுங்கள், தமிழில் எழுதினாலும் நல்லதே. பின்னர் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அந்த வரியிலிருந்து மறுபடி செய்யுங்கள். காரணம் எழுத முடியாத வரிகளை மறுநாள் விரிவுரையாளரிடமோ அறைத் தோழரிடமோ கொண்டு செல்லுங்கள்.